இருபத்துநாலு இஞ்சு பிரேம்

சொந்த சைக்கிள் இருந்தால்தான் மேஸ்திரி கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்ப்பார். என் கால் குட்டை. பழையதில் எனக்குக் கிடைத்ததோ இருபத்துநாலு இஞ்சு பிரேம். கல்மேல் நின்றுதான் ஏறுவேன். இவ்வளவு உயரமான சைக்கிளை எவன் திருடுவான் என்று ஒரு தைரியம் மட்டும் இருந்தது.

மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையில் நின்றால் சீக்கிரம் நகராது. அதனால் கடைசி வண்டியின் பின்கட்டையில் சைக்கிளைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். சங்கிலி நீளம் போதாமல் முன்சக்கரத்தில் மட்டும் சுற்றியிருந்தேன். திரும்பி வந்தபோது சக்கரம் மட்டும் தொங்கியது. மீதியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வண்டிக்காரன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். "பூட்டு கெட்டிதாண்ணே. சக்கரம் பத்திரமா கீது பாருங்க."

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"தூங்கிக்கினு இருந்தேன். வண்டி நகுந்தாத்தான் முழிப்பேன்."

சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார். "உங்களுக்கு இருபத்திரண்டுதான் சரி. இந்தச் சக்கரம் அதுக்கும் சேரும்" என்றார். பிரேம் வாங்க எனக்கு வழியில்லை.

மறுநாள் விடியலில் எங்கள் ஆட்கள் ரிஷிவந்தியம் பக்கம் வெட்டுக்குக் கிளம்பினார்கள். பின்னால் உட்காரட்டுமா என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"பின்னாடி கத்தியும் சோத்துச் சட்டியும் கீது. சைக்கிள் வாங்கினு வா" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போனார்.