முருகன் படத்துக்குப் பின்னால் நான்கு அட்டைகள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், முருகன் படத்துக்குப் பின்னால் நான்கு அடையாள அட்டைகள் இருந்தன. அம்மாவுடையது, அண்ணனுடையது, என்னுடையது. நான்காவது, இறந்துபோன அப்பாவுடையது. தோட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் அட்டைகளுக்கு அதுதான் இடம். வெளியே போகிறவர்கள் சாமியைக் கும்பிட்டு, திருநீறு பூசி, அப்படியே அட்டையையும் எடுத்துக்கொள்வார்கள். அந்த யுத்த வருடங்களில் சாமியை மறந்தாலும் வீடு திரும்பிவிடலாம். அட்டையை மறந்தால் நிச்சயமில்லை. இறந்தவரின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். அம்மா கொடுக்கவில்லை. அப்பாவின் முகம் பதிந்த படம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அண்ணன் அப்போது பலாபத்வலயில், வெள்ளைக்காரர்கள் ஏலக்காயும் கறுவாப்பட்டையும் பார்க்க வரும் வாசனைத் தோட்டமொன்றில் வேலை செய்தார். சைக்கிளிலேயே நாட்டைச் சுற்றிய ஒருவர், ஊர் திரும்பும்போது தன் மவுண்டன் பைக்கை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த டயர், பதினெட்டு கியர். ஆனால் கேரியர் இல்லை. "வெறகு கட்ட எடமில்ல, பொண்டாட்டிய ஏத்த எடமில்ல, இதெல்லாம் ஒரு சைக்கிளாடா?" என்று லயமே சிரித்தது. அண்ணன் தினமும் அதைக் குளிப்பாட்டாத குறைதான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மாத்தளையில் எனக்கு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை. தவறினால் அம்மாவைப் போல நானும் கொழுந்துக்கூடை சுமக்க வேண்டியதுதான். முந்தின நாள் எங்கோ குண்டு வெடித்ததால் பஸ் வரவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து என் கால்கள் ஓய்ந்தன. ஏழரைக்கு அண்ணன், "ஏறு தங்கச்சி, அரை மணியில எறக்கிவிடுறேன்" என்றார். நான் ஓடிப்போய் முருகனுக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு அட்டைகளை உருவினேன். ஒன்றைப் பார்த்தேன், என்னுடையது. மற்றதைப் பார்க்காமலே அண்ணன் கையில் திணித்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சேலையோடு முன்பாரில் உட்கார்ந்து, சான்றிதழ் பைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். இறக்கத்தில் செயின் கழன்றது. அண்ணன் கறுத்த விரல்களால் அதை மாட்டுவதற்குள் நான் ஐந்து தடவை மணி பார்த்தேன். திரும்ப ஏறும்போது என் சேலையிலும் கிரீஸ் அப்பியது. கண்டி வீதிக்கு வந்தபோது எட்டேகால். அங்கே சோதனைச் சாவடி.

சிப்பாய் அட்டையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். யார் இது என்று சிங்களத்தில் கேட்டான். அப்பா என்றார் அண்ணன். அப்பா எங்கே? செத்துவிட்டார். செத்தவரின் அட்டை உனக்கு எதற்கு? எடுத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டு, தானே மாற்றி எடுத்துவிட்டதாகச் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே தமிழில், "நீ வாயத் தொறக்காத. இன்டர்வியூவுக்குப் போ" என்றார். அவரைப் பக்கத்திலிருந்த கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள். என் நேர்முக அழைப்புக் கடிதத்தைப் படித்துப் பார்த்த அதே சிப்பாய், தம்புள்ளையிலிருந்து வந்த மரக்கறி லொறியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டான். நான் ஏறினேன். இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான், நான் ஏறினேன்.

பரீட்சையில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கிரீஸ் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு, இறந்துவிட்டார் என்றேன். எனக்கு வேலை கிடைத்தது.

யாரோ வந்து சொல்ல, அம்மா அண்ணனின் அட்டையோடு சாவடிக்கு நடந்தே போனார். பின்னேரம் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அப்பாவின் அட்டை வரவில்லை. அம்மா மறுநாளும் அதற்கு மறுநாளும் போய்க் கேட்டார். மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்களாம். அதன்பிறகு ஒவ்வொரு திவசத்திலும், படமில்லாத இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "பொறுப்பில்லாத பய, பெத்த அப்பன் மொகத்தத் தொலைச்சிட்டான்" என்று அம்மா அண்ணனைத் திட்டுவார். அண்ணன் சிரித்துக்கொண்டே பருப்பைப் பிசைவார். நான் அப்பளம் பரிமாறுவேன்.

இப்போது நாங்கள் மாத்தளை டவுனில், என் சம்பளத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். சென்ற மாதம் அண்ணன் புது அடையாள அட்டைக்குப் படம் எடுத்துவிட்டு, மீந்த பிரதியொன்றை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். பழைய பழக்கம், நான் அதை எடுத்து முருகனுக்குப் பின்னால் செருகினேன். வெள்ளிக்கிழமை சாமிப் படம் துடைத்த அம்மா அதைக் கொண்டுவந்தார்.

"ஏம்மா, ஒங்கப்பா படம் எங்கருந்து கெடச்சிச்சு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். அப்பா இறந்த வயதுக்கு அண்ணன் வந்திருந்தார்.

"அது அண்ணன்மா," என்றேன். "அன்னைக்கு அட்டைய மாத்தி எடுத்தது அண்ணன் இல்லம்மா. நாந்தான்."

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப அவன ஏன் இத்தன வருஷமா திட்ட விட்ட?"

அம்மா படத்தை முருகனுக்குப் பின்னால் திரும்ப வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, "அவனுக்குப் போனப் போடு" என்றார்.