வலிக்காத நாள்

அந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் கையை மடக்கமாட்டார். தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் கை வெந்து, விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, தினமும் கட்டு மாற்றுவதற்கு முன் வலி ஊசியை அவரே போடுவார். நர்ஸ்களிடம் விடமாட்டார். பிறகு கட்டைப் பிரிப்பார்கள். உயிர் போய்விடும். ஊசி போட்டே இந்த வலி என்றால், போடாவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நான் கத்தி ஓயும்வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே நிற்பார். "கத்திருங்கக்கா, அடக்காதீக" என்பார்.

இவ்வளவு பாடுபடுகிறவர் மனசு நோகக்கூடாதென்று, ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தேன்.

"இன்னைக்கு வலியே இல்ல சார். உங்க ஊசிக்கு நல்லாக் கேக்குது" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பொய் சொல்லாதீகக்கா."

"நெசமாத்தான் சார். நீங்க நல்லா இருக்கணும்."

என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நேராகப் பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மறுநாள் நர்ஸ் சொன்னார். அத்தனை நாளும் எனக்கு வந்த மருந்தைத் தன் கையில் ஏற்றிக்கொண்டு, எனக்கு வெறும் உப்புத் தண்ணீரைப் போட்டிருக்கிறார். அந்தப் போதையை அவரால் விட முடியவில்லையாம்.

அன்று நர்ஸே ஊசி போட்டார். கட்டைப் பிரித்தபோது வலி தெரியவே இல்லை. பழக்கத்தில் தோள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அப்போதுதான் அழுதேன்.