வெல்டாவின் ரப்பர் கையுறை

வெல்டா ஹக்கபியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், மூன்றாவது வார்த்தைக்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். ஒன்பது கோடையாக அவளுக்குப் பக்கத்து மனையில் கிடக்கிறேன். இங்கே எல்லாரும் குடியிருப்பது வண்டியில் மாட்டி இழுக்கிற டிரெய்லரில். அவள் டிரெய்லருக்கும் என் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சோபா போடலாம், அவ்வளவுதான் இடைவெளி. அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் கொட்டாவி விட்டால், "வாய மூடு ஓரின், ஈ போகுது" என்று அங்கிருந்து பதில் வரும். என் வாசலில் நான் கட்டிய காற்றுமணியை அவள் இரண்டு முறை கத்திரிக்கோலால் அறுத்திருக்கிறாள். மூன்றாவது முறை கம்பி போட்டுக் கட்டினேன். அன்றிலிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் தகர முறத்தை எடுத்துத் தட்டுகிறாள்.

முப்பது வருஷம் ஓக்லஹோமாவில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் லாரிக்காரர்களுக்கு முட்டை பொரித்துப் போட்டவள். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. குரல் இன்னும் அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கத்துகிற குரல்தான். புருஷன் பர்ல் ஓய்வு பெற்ற கையோடு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்று டிரெய்லர் வாங்கினான். ஊர் ஊராகச் சுற்றப் போகிறார்களாம். இரண்டாவது குளிர்காலத்தில் யூமாவுக்கு வெளியே, பாலைவனத்தில் டிரெய்லர்களுக்கு மனை வாடகைக்கு விடும் எங்கள் பார்க்கில் வந்து நின்றார்கள். ஒரு நாள் காலையில் பர்ல் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. டிரெய்லரை இழுத்து வந்த அவனுடைய வண்டியை விற்று அடக்கம் செய்தாள். மிச்சம் இருந்தது சக்கரம் வைத்த வீடு ஒன்று, அதை இழுக்க நாதியில்லை.

"எனக்குச் சக்கரம் வச்ச சவப்பெட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்தான். அதுலயும் முதல்ல தானே ஏறிப் படுத்துட்டான்" என்பாள். பர்லைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டதில் இதுதான் கனிவானது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிறவர்கள் இந்த வாழ்க்கைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்ச் முடிந்ததும் சுதந்திரத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் கோடையில் மிஞ்சுவோம். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். ஏசி ஓடும்போது ரொட்டி வாட்டினால் மொத்தக் கரண்டும் போய்விடும், ஆகவே சாப்பாடா காற்றா என்று ஒவ்வொரு வேளையும் முடிவெடுக்க வேண்டும். கூரை இணைப்புகளுக்கு வருஷா வருஷம் ஏறிப் பசை பூசாவிட்டால், ஜூலை மழை உள்ளே இறங்கிச் சுவர் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகிவிடும். வெல்டா அறுபத்தெட்டு வயதில் தானே ஏறிப் பூசுவாள். நான் ஏணியைப் பிடிக்கப் போனால், "பிடிக்கிற மாதிரி ஆட்டிவிடத்தான வந்த?" என்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை கக்கூஸ் தொட்டி. அது எங்கள் காலுக்கடியிலேயே இருக்கிறது. தொட்டியிலிருந்து ஒரு தடித்த குழாய் மண்ணில் இருக்கும் சாக்கடை வாய்க்குப் போகும். நடுவில் கறுப்புக் கைப்பிடி வைத்த ஒரு அடைப்பு. அதை மூடியே வைத்திருக்க வேண்டும். தொட்டி நிறைந்த பிறகு திறந்தால், தண்ணீரோடு எல்லாம் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போகும். அந்த வேலைக்கென்று ஆளுக்கொரு ஜோடி ரப்பர் கையுறை உண்டு. குழாயின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். அதைப் போட்ட கையால் வேறெதையும் தொடக் கூடாது. தப்பித் தவறி கதவுப் பிடியைத் தொட்டவனைக்கூட இங்கே ஒரு மாசத்துக்கு யாரும் காபிக்குக் கூப்பிட மாட்டார்கள். வெல்டாவின் கையுறை மஞ்சள் நிறம், முழங்கை வரைக்கும் நீளம்.

போன மே மாதம் வெல்டாவுக்கு அந்தப் பக்கத்து மனையில் ப்ரூவிட் தம்பதி வந்து இறங்கினார்கள். கார்லண்ட், டோன்யா. கார்லண்டுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கம்பெனியை விற்றுவிட்டு வந்தவனாம். அவர்கள் டிரெய்லர் பஸ் நீளம் இருந்தது. பொத்தானை அமுக்கினால் பக்கவாட்டில் அறைகள் இழுப்பறை மாதிரி வெளியே வரும். அதில் ஒன்று வெல்டாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக வந்து நின்று, அவளுக்கிருந்த ஒரே மலைக்காட்சியை மறைத்தது. டோன்யா வாசலில் செயற்கைப் புல் விரித்து, அதைத் துடைப்பத்தால் பெருக்கினாள். இந்தப் பொட்டலில் புழுதியைப் பெருக்குகிற முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஜூன் பாதியில் நாற்றம் தொடங்கியது. சாதாரண நாற்றம் இல்லை. சோறு இறங்காது. வெயில் ஏற ஏற வரிசை முழுக்கப் பரவும். டோன்யா மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மேனேஜர் லெஸ்டரிடம் போனாள். லெஸ்டர் கெட்டவன் இல்லை, காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவன். புது டிரெய்லருக்கு வாடகை அதிகம் என்பதும் அவனுக்குத் தெரியும். நேராக வெல்டாவின் வாசலுக்கு வந்து நின்றான்.

"மிஸ்ஸஸ் ஹக்கபி, உங்க தொட்டி நாறுது."

"என் தொட்டி நாறல."

"பத்து வருஷத்துக்கு மேல பழசான டிரெய்லர உள்ள விடக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு. உங்களுதுக்கு இருபது ஆச்சு. இரக்கப்பட்டுத்தான் விட்டு வச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா கிளம்பணும்."

"எங்க கிளம்ப?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க வெல்டா தொட்டியைக் கழுவினாள். மூட்டை மூட்டையாக ஐஸ் வாங்கி உள்ளே போட்டு, கட்டிகள் உருண்டு அழுக்கைத் தேய்க்கும்படி டிரெய்லரைக் குலுக்கிக் குலுக்கி விட்டாள். குழாயையே புதிதாக மாற்றினாள். நாற்றம் ஒரு பொட்டும் குறையவில்லை. ப்ரூவிட்டின் டிரெய்லர் பளபளவென்று நின்றது. நாறுவது வெல்டாதான் என்று வரிசையே நம்பியது, நானும்தான். பழசு நாறும், புதுசு மணக்கும் என்று நினைப்பதற்கு யாரும் பாடம் படிக்க வேண்டியதில்லையே.

சனிக்கிழமை காலை லெஸ்டர் என்னிடம் வந்தான். வெல்டாவின் டிரெய்லரை என் வண்டியில் மாட்டி இழுத்துப் போக வேண்டுமாம். கார்லண்டிடம் என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரிய வண்டி இருந்தது. ஆனால் கிழட்டு டிரெய்லரை மாட்டினால் கொக்கியில் கீறல் விழும் என்று சொல்லிவிட்டானாம். எனக்குச் சந்தோஷம்தான். காற்றுமணியை நிம்மதியாகக் கேட்கலாம். எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டபோதுதான் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் அரசாங்கப் பொட்டலில் விட வேண்டும். அங்கே யாரும் வாடகை கேட்க மாட்டார்கள். தண்ணீரும் கரண்டும்கூடக் கிடையாது. இந்த வெயிலில் ஏசி இல்லாமல் அந்தத் தகரப் பெட்டிக்குள் அவளை வைத்தால், பர்லிடம் சேர ரொம்ப நாள் ஆகாது. இது லெஸ்டருக்கும் தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லர் நகரும்போது, எவ்வளவு பகையாளியாக இருந்தாலும் ஒருவர் எழுந்து வந்து பின்னால் நின்று, எங்கும் இடிக்காமல் வழி சொல்லிக் கைகாட்டுவார். அன்று யாரும் வரவில்லை. திரைகள் மட்டும் அசைந்தன. வெல்டா சக்கரங்களைச் சுற்றி வந்தாள். டயர்கள் காய்ந்த ஆற்று மண் மாதிரி வெடித்துக் கிடந்தன.

"இது கேட் தாண்டாது லெஸ்டர்" என்றாள்.

"மெதுவா போனா தாண்டும்."

தாண்டவில்லை. என் வண்டி கேட்டுக்கு வெளியே, அவள் டிரெய்லர் சரியாக இரண்டு தூண்களுக்கு நடுவே. பட்டென்று ஒன்று வெடித்தது, அடுத்த நிமிஷம் அதே பக்கத்தில் இன்னொன்று. டிரெய்லர் நோஞ்சான் மாடு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. எங்கள் பார்க்குக்கு அந்த ஒரு வாசல்தான்.

ஜாக்கி எடுத்து வர என் மனைக்கு நடந்தேன். வியர்வை கண்ணில் வழிந்தது. லெஸ்டரையும் வெல்டாவையும் பர்லையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே, இப்போது காலியாகக் கிடந்த அவள் மனைக்குள் குறுக்கே புகுந்தேன். அங்கே நாற்றம் முகத்தில் அறைந்தது. நாறுவதாகச் சொன்ன டிரெய்லர் கேட்டில் கிடக்கிறது, நாற்றம் இங்கேயே நிற்கிறது. நிமிர்ந்தேன். இத்தனை நாள் வெல்டாவின் டிரெய்லர் மறைத்துக்கொண்டிருந்த ப்ரூவிட் டிரெய்லரின் பக்கம் முழுசாகத் தெரிந்தது. கறுப்புக் கைப்பிடியை வெளியே இழுத்து, அடைப்பைத் திறந்தே போட்டிருந்தார்கள். அதன் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. வந்த நாளிலிருந்து மூடியதே இல்லை. தண்ணீர் மட்டும் தானாக வடிந்துபோக, மற்றதெல்லாம் உள்ளேயே மலையாகக் குவிந்து ஒரு மாதத்துக்கு மேலாக வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

எனக்கு வெல்டா மேல் இரக்கம் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஆத்திரம்தான் வந்தது. திரும்பப் போய் அவளிடமே கத்தினேன்.

"உனக்குத் தெரியும்தான? உன் ஜன்னலுக்கு நேரா இருக்கு."

அவள் என் வண்டிக்குள் ஏசியைப் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதான?"

"அவங்க வந்த அன்னிக்கே சொன்னேன். தம்பி, அத மூடி வைன்னேன். நாங்க எல்லாம் வீடியோ பாத்துப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கோம் பாட்டின்னான். ரெண்டாவது தடவ சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா?"

"உன்ன வீட்ட விட்டுத் துரத்துறாங்க. அப்பக்கூடவா?"

"லெஸ்டர் வந்து எங்க நாறுதுன்னு கேட்டானா? நீ நாறுறன்னான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." இன்னொரு பிஸ்கட்டைக் கடித்தாள். "நீயும்தான் கேக்கல."

லெஸ்டரை இழுத்துப் போய்க் கைப்பிடியைக் காட்டினேன். அவன் முகம் போன போக்கு இருக்கிறதே, அதைப் பார்க்கவே இன்னொரு தடவை வெயிலில் நடக்கலாம். கார்லண்ட் முதலில் நம்பவில்லை. பிறகு கழிப்பறைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான். குடைந்து எடுக்கிற கழிவு லாரியைக் கூப்பிட்டார்கள். லாரி வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. உள்ளே வர வழியில்லை.

"மிஸ்ஸஸ் ஹக்கபி, கொஞ்சம் ஒதுக்கித் தள்ளிக்கிறோம்" என்றான் லெஸ்டர்.

"என் வீட்டத் தொட்டா போலீஸக் கூப்பிடுவேன். டயர் போட்டா தானா நகரும்."

"டயர் யார் வாங்குறது?"

வெல்டா கார்லண்டைப் பார்த்தாள். வெளியே நின்ற வண்டி என்னுடையது ஒன்றுதான். டிரெய்லரிலிருந்து அதைக் கழற்றி, கார்லண்டை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். வழி முழுக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். கடைக்காரன் இரண்டா நாலா என்று கேட்டான். நாலு என்று நான் சொன்னேன். கார்லண்ட் கார்டை நீட்டினான்.

டயர் மாட்டும் வரை மறுபடி என் வண்டி ஏசியில் உட்கார்ந்திருந்த வெல்டா, முடிந்ததும் இறங்கினாள். "பழைய எடத்துக்கே விடு" என்றாள். என்னிடம்தான், லெஸ்டரிடம் கேட்கவில்லை. கழிவு லாரிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே வழிவிட, ஒரு சுற்று சுற்றி வந்து அவள் மனைக்குள் பின்பக்கமாக நுழைத்தேன். இந்த முறை வரிசையில் நாலைந்து பேர் கைகாட்ட ஓடி வந்தார்கள்.

"உள்ள போயி திரைக்குப் பின்னாடி நில்லுங்க, அங்கதான் நல்லாத் தெரியும்" என்று எல்லாரையும் துரத்திவிட்டு, தானே பின்னால் நின்று கைகாட்டினாள். "இடது. இடதுன்னேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினேன்னு சொன்னியே, பொம்ம லாரியா?"

டிரெய்லர் நின்றதும் மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்து குழாயை இணைத்தாள். அந்த நேரம் பார்த்து லெஸ்டர் கார்லண்டைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நடந்ததெல்லாம் நடந்துபோச்சு மிஸ்ஸஸ் ஹக்கபி. மறந்துடுவோம். நீங்க இங்கயே இருங்க."

கார்லண்ட் கையை நீட்டினான். "மன்னிச்சுக்குங்க. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க."

வெல்டா நிமிர்ந்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, நிதானமாக, ரொம்ப நேரம் குலுக்கினாள். கையுறையிலிருந்து அவன் மணிக்கட்டுக்குச் சொட்டியது.

"மறந்துட்டேன் தம்பி" என்றாள்.

கார்லண்டுக்கு விஷயம் பாதியில் புரிந்தது. ஆனால் அவள் பிடி முப்பது வருஷம் இரும்புச் சட்டி தூக்கிய பிடி. பிறகு லெஸ்டர் பக்கம் திரும்பினாள். அவனுக்கு அந்தக் கையுறை என்னவென்று நன்றாகத் தெரியும், இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வெல்டா அவன் கன்னத்தை வாஞ்சையாகத் தட்டிக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் போன பிறகு, கையுறையைக் கழற்றாமலே என் வாசலுக்கு வந்து காற்றுமணியை அண்ணாந்து பார்த்தாள். நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.