பத்தொன்பதாவது படம்

தினமும் எங்கள் அம்பத்தூர் தெருவைப் பார்த்து ஒரு படம் வரைந்து, அதைச் செல்வி அக்காவின் இஸ்திரி வண்டியில் கிளிப் போட்டு மாட்டிவந்தேன். துணி கொடுக்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை.

பத்தொன்பதாம் நாள் சோம்பல். வீட்டை விட்டே வெளியே போகவில்லை. வண்டிக்கு நிழல் தரும் புங்கை மரத்தை நினைவிலிருந்தே வரைந்து, கீழே அன்றைய தேதியைப் போட்டேன். மாலையில் தேய்க்கத் துணி வாங்க வீட்டுக்கு வந்த அக்காவிடம் கொடுத்தேன்.

"இன்னிக்கா வரைஞ்ச?"

"ஆமாக்கா, இப்பதான் பாத்து வரைஞ்சேன்."

"அப்போ எனக்குத்தான் கண்ணு அவுட்டு போல கீது. கரண்டு கம்பில இடிக்குதுன்னு காலைலயே அந்த மரத்த வெட்டிட்டாங்க."

கூசிப்போய்ப் படத்தைத் திரும்பக் கேட்டேன். அக்கா தரவில்லை.

"உடு, மாட்டிக்கிறேன். பொய்யா இருந்தாலும் நெழலு நல்லா கீது."

மறுநாள் வெயிலில் நின்று, வெட்டிய அடிமரத்தையும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேய்க்கும் அக்காவையும் வரைந்தேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. அவர் அங்கேதான் நாள் முழுக்க நிற்கிறார்.

இரண்டு படங்களும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. யாராவது மரப் படத்தைப் பாராட்டினால், அது பார்க்காமல் வரைந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.