ஏறும்போது எத்தனை, இறங்கும்போது எத்தனை

கார் விற்கிற தொழிலில் கேள்வித்தாள் எப்போதோ வெளியாகிவிட்டது, வண்டி எதுவானாலும், வாங்குபவர் யாரானாலும், முதல் கேள்வி "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குக் கூசாமல் பதில் சொல்லப் பழகிவிட்ட தோழர்களும், பதில் சொல்லும்போது இன்னும் உள்ளங்கை வேர்க்கிற என்னைப் போன்றவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு வேலை சேலத்தில் ஒரு சொகுசுக் கார் ஷோரூமில். நான் விற்க வேண்டியது அங்கே இருப்பதிலேயே பெரிய எஸ்.யூ.வி. அதன் பின்கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுச் சமையலறை தெரிகிற மாதிரி இருக்கும், அவ்வளவு இடம். சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி. அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்குக் காட்டு வேலை. எங்கள் வகையறாவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது மெக்கானிக்கல். பயிற்சிக் காலம் முடிவதற்குள் ஒரு வண்டியாவது விற்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவோம் என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அம்மாவோ, மகள் கார் கம்பெனியில் இன்ஜினியர் என்று அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

வாங்குகிற எண்ணம் உள்ளவர்களைக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றி இறக்கிக் காட்டுவது எங்கள் ஷோரூம் வழக்கம். அந்த ரோட்டைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

பாட்டுத் திரை

முதல் தடவை மேனேஜர் முரளி சாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறினேன். எங்கள் ஊர் பஸ் அந்த ரோட்டில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒரு பிரசவம் நடப்பது போலச் சத்தம் கேட்கும். இந்த வண்டி மூச்சே வாங்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்தால் அத்தனை பெரிய உடம்பும் பூனை மாதிரி திரும்பியது. சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் சத்தம் கேட்காததால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி மலையில் மேகம் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் திரையில் மைலேஜ் எண்ணைக் கவனித்தேன். ஐந்து. சில வளைவுகளில் நாலு. இதை யாரிடம் சொல்லி விற்பது என்று பயந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பயம் போய் வேறு மாதிரி தோன்றியது. "சார், ஒரு லிட்டர்னா ஒரு தண்ணி பாட்டில் சார். அந்த ஒரு பாட்டில் டீசல் நம்மளையும் சேத்து ரெண்டரை டன்னுக்கு மேல தூக்கிட்டு அஞ்சு கிலோமீட்டர் மேகத்துக்குள்ள ஏறுது. எங்கப்பா ஒரு சட்டி சாந்தோட மூணு மாடி ஏறுனாலே உக்காந்துருவாரு. இதைப் போயி யாரு சார் கம்மின்னு சொல்றது?" என்றேன். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

முரளி சார் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையை நீட்டி அதில் எதையோ தொட்டார். எண் மறைந்து பாட்டுப் பட்டியல் வந்தது. "கவிதை நல்லாருக்கும்மா. ஆனா ஏறும்போது பாட்டுத் திரை, எறங்கும்போது மைலேஜ் திரை. இதுதான் நம்ம ஷோரூம் சாஸ்திரம்."

தொண்ணூற்றொன்பது

சாஸ்திரத்தின் காரணம் இறக்கத்தில் புரிந்தது. மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். வண்டி தன் கனத்திலேயே உருளும். செலவே இல்லாததால் அந்தத் திரையால் காட்ட முடிகிற எண்களிலேயே பெரியது வந்து நிற்கும். தொண்ணூற்றொன்பது.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். ஏறும்வரை பழைய பாட்டாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது திரையை மாற்றினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "தொண்ணூத்தொம்பதா! ஏனுங்க அம்மிணி, மோட்டார் பைக்கே இத்தனை குடுக்காதுங்களே!" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். கோயில் கருவறைக்குள் எட்டிப் பார்க்கிறவர் முகம் போல இருந்தது அந்த முகம். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்துவிட்டது. "இது எறக்கத்துல மட்டுந்தானுங்க. ஏறும்போது அஞ்சுதான் குடுத்துச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அடிவாரம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். இறங்கிக் கதவைச் சாத்தும்போது சொன்னார்: "அப்ப ஏறறதுக்கு ஒரு வண்டியும், எறங்கறதுக்கு இந்த வண்டியும்னு ரெண்டு வெச்சுக்கோணுமாட்ட இருக்குதுங்க."

கழுத்து வரைக்கும்

திரையில் வருகிற எதையும் நம்பாதவர்கள் எங்கள் பக்கத்து லாரிக்காரர்களும், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்காரர்களும். டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பு, ஓட்டு, வந்து மறுபடியும் கழுத்து வரைக்கும் நிரப்பு, எவ்வளவு பிடித்ததோ அதுதான் கணக்கு. போர் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் செய்து காட்ட வேண்டும் என்று தன் ஆட்கள் நாலு பேரோடு அடிவாரத்து பங்க்குக்கு வந்துவிட்டார். பம்ப் தானாக நின்ற பிறகும் விடவில்லை. நாலு பேரும் வண்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்குமாம். ஷோரூமில் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் எங்களையே அந்த வண்டியைத் தொடவிடுவார்கள். அது அங்கே ஊர்த் தேர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இதில் ஒரு அதிசயம்: அவர்கள் பின்பக்கத்தில் ஏறி அழுத்த, வண்டி கொஞ்சம் தாழ்ந்து, பிறகு அடியில் இருக்கிற காற்றுப் பைகள் நிரம்பி "ஸ்ஸ்" என்று மூச்சு விட்டுத் தானாகவே நிமிர்ந்துகொண்டது. நாலு பேரும் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்.

மலை ஏறி இறங்கி அதே பங்க்குக்கு வந்தோம். மறுபடியும் ஆட்டம், மறுபடியும் கழுத்து வரைக்கும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு மூன்று வந்தது.  பிறகுதான் கவனித்தேன். பங்க்கின் தரை மலையைப் பார்த்து ஏற்றமாக இருக்கிறது. போகும்போது வண்டியின் மூக்கு மேலே இருந்தது, வரும்போது கீழே இருந்தது. டேங்கின் வாய் பின்னால் இருப்பதால் முதலில் கொஞ்சம் குறைவாகவும் இரண்டாவது தடவை நிறையவும் பிடித்துவிட்டது. படம் வரைந்து விளக்கினேன். சமதரையில் ஒரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "இருக்கட்டும் அம்மிணி. மூணுதான் குடுக்குமுன்னா இதுக்கு எம்பட போர் வண்டியே தேவலை, அதாச்சும் தண்ணி குடுக்கும்."

வெறும் வண்டி

மலை மேலே குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டியிருந்தேன். வந்த வாடிக்கையாளர் மலைத்தேன் வாங்கப் போயிருந்தார். அன்னாசி ஏற்ற பிக்கப்புக்காகக் காத்திருந்த விவசாயி ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானட்டில் கை வைத்தார். சூடு இல்லை என்று ஆச்சரியப்பட்டார். பின்கதவைத் திறந்து காட்டச் சொன்னார். அது தானாகத் திறந்து மேலே போனதும், "அடேயப்பா" என்று சின்னக் குரலில் சொன்னார். எத்தனை மூட்டை ஏத்தும் என்று கேட்டார். மூட்டை ஏற்ற மாட்டார்கள், ஏழு பேர் உட்காரலாம், இப்போது நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம் என்றேன்.

அவர் கீழே தெரிகிற ரோட்டைப் பார்த்தார். அத்தனை வளைவையும் மனதுக்குள் ஒரு தடவை ஏறி வந்திருப்பார் போலிருக்கிறது. பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க பாப்பா, இத்தனை பெரிய வண்டி வெறும் வண்டியாவா மேல ஏறி வந்துச்சு?"

யானையும் தழையும்

பயிற்சிக் காலம் முடிகிற வாரம் வந்துவிட்டது. ஷோரூம் எதிரே டீக்கடையில் தினேஷிடம் புலம்பினேன். என்னோடு சேர்ந்தவன், அதற்குள் வண்டிகள் விற்று, சிறந்த விற்பனையாளர் என்று படத்தோடு ஷோரூம் சுவரில் ஏறிவிட்டான். இவ்வளவு வசதியான மனிதர்கள் ஒரு லிட்டருக்காக ஏன் இப்படி உயிரை எடுக்கிறார்கள் என்று கேட்டேன். யானை வாங்குகிறவன் தழை விலை கேட்பானா?

தினேஷ் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: "யானை வாங்கறவந்தான் கேப்பான். நம்மள மாதிரி ஆளு யானையைப் பாத்தா ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போயிருவோம்."

குடும்ப குரூப்

கடைசி வாய்ப்பாக வந்தவர் தெய்வானை அம்மா. கோழித்தீவன மில் நடத்துகிறவர். ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "நகரு கண்ணு, நானே ஓட்டறேன்" என்று ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நான் உளறிவிடக் கூடாது என்று முரளி சார் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தார். திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாதி மலை ஏறியதும் அவர், "பாட்டை நிறுத்து அம்மிணி. லிட்டருக்கு எவ்வளவு குடுக்குதுன்னு இதுல தெரியுமாமில்ல, அதைப் போடு" என்றார். பின்சீட்டில் இருமல் கேட்டது. எங்கள் ஊர் ரோட்டில், என் வேலையின் கடைசி வாரத்தில், திரையை மாற்றினேன். ஐந்து.

"எப்பவும் இதேதானா?"

"மலை ஏறுனா அஞ்சுங்க. டவுனுக்குள்ள ஏழு. நாலுவழிச் சாலையில பத்து, மிஞ்சிப்போனா பதினொண்ணு. பொஸ்தகத்துல பன்னெண்டு போட்டிருக்குதுங்க. நான் ஓட்டி ஒரு நாளும் பாத்ததில்லீங்க."

இருமல் நின்றுவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அடுத்த வளைவு தாண்டி அகலமான இடத்தில் தெய்வானை அம்மா வண்டியை நிறுத்தினார். கீழே சமவெளி முழுக்க வெயிலும், எங்களைச் சுற்றி மேகமுமாக இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற இடம். அன்றைக்கு அதுவும் என்னை வழியனுப்புகிற மாதிரி தெரிந்தது. அவர் மலையைப் பார்க்கவில்லை. போனை எடுத்துத் திரையில் இருந்த ஐந்தைப் பல பக்கங்களிலிருந்து படம் எடுத்தார்.

"போன வண்டி பதினெட்டு குடுக்குதுன்னு ஒரு கல்யாணத்துல வாய் தவறிச் சொல்லிப்போட்டேன் கண்ணு," என்றார் போனைத் தட்டிக்கொண்டே. "அன்னையிலருந்து காதுகுத்து, கெடாவெட்டு, பொண்ணு பாக்கறது, எல்லாத்துக்கும் அத்தை வண்டிதான். இல்லைன்னா மொகம் கோணிக்குவாங்க. குடுத்தா டேங்கைத் தொடச்சு வெச்சாப்பல திருப்பி உடுவாங்க. எம்பட வண்டி எம்பட ஊட்டுல நின்னதே இல்லை. வேற ஷோரூம்லயும் போயிப் பாத்தேன். எல்லாவனும் பதினாலு, பதினஞ்சுங்கறான். குடும்ப குரூப்புல தெரிஞ்சா நான் என்ன ஆவறது?"

எனக்குப் புரிந்ததா என்று எனக்கே தெரியவில்லை. முரளி சார் முன்னால் எட்டி, "மேடம், ஏசியை இன்னும் கூட்டிட்டா நாலுக்கே வந்துரும் மேடம்" என்று பணிவாகச் சொன்னார். இத்தனை நாளில் அவர் ஒரு வாடிக்கையாளரிடம் மைலேஜைக் குறைத்துச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த ஐந்தின் படம் குடும்ப குரூப்புக்குப் போய்விட்டிருந்தது; போன் அடுத்தடுத்து மணி அடித்தது. தெய்வானை அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவர் கண்ணீர் விடுகிற பொம்மை போட்டிருந்தார். ஒருவர் "அய்யோ பாவம் அத்தை" என்று எழுதியிருந்தார். கடைசிச் செய்தியைப் படித்ததும் அவர் முகம் மேகம் விலகின மலை மாதிரி ஆயிற்று. போனை மடியில் வைத்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "ஆடிக்குக் கோயிலுக்கு பஸ்சுலயே போயிக்கறானாம் அண்ணன் மவன்; இந்த வண்டியவே எனக்குப் போட்டுரு சாமி!"

லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற ஒரு வண்டி என்னை நிரந்தர வேலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றால், அதற்கு மைலேஜ் குறைவு என்று இனி எந்த வாயால் சொல்வேன்?