ஏழுமலை அண்ணனின் கையிலிருந்து நழுவிய கால்

ஏழுமலை அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் மதுராந்தகத்தில், அலுவலகத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் அப்பா கூப்பிடவே மாட்டார். அதனால் அவர் பெயரை போனில் பார்த்ததுமே கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எடுத்தேன். "ஏழு போய்ட்டான்மா," என்றார். பிறகு, "காலைல பத்து மணிக்கு. மூச்சு உட முடியல," என்றார். "சரிப்பா," என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர் யார் என்று கேட்டார். "எங்க ஊர்ல கபடி ஆடுறவர்," என்றேன். அவர் ஆடுவதை நிறுத்திப் பதின்மூன்று வருடங்கள் ஆகிவிட்டன என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

நம் அணியின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னவர் மூர்த்தி அண்ணன். அந்த நாளில் அணியின் கேப்டன் அவர்தான். நாலு வரியில் இது முடியாது. படிக்கிற உங்களில் பலர் அந்தக் காணும் பொங்கல் அன்று ஏரிக்கரை மைதானத்தில் இருந்தீர்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். நான் கயிற்றுக்கு உள்ளே, இடது மூலையை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன்.

அதைச் சொல்லும் முன் அண்ணன் தம்பி இருவரையும் பற்றிச் சொல்ல வேண்டும். நம் காலனியில் ஒருவரைச் சொன்னால் உடனே மற்றவரைச் சொல்லாமல் யாரும் விட்டதில்லை. மூத்தவர் கன்னியப்பன், பாடிப் போகிறவர். உயரம், நீளமான கால், பிடிக்க வருகிறவர்களின் தலைக்கு மேல் தாவித் திரும்புகிற துணிச்சல். அவர் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாலே விசில் பறக்கும். இளையவர் ஏழுமலை, பிடிக்கிறவர். குள்ளம். இடது மூலையில் குந்தினாற்போல நிற்பார். கன்னியப்பன் அண்ணன் ஆடியதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் அதை நடித்துக் காட்டுவார்கள். ஏழுமலை அண்ணன் ஆடியதை யாரும் நடித்துக் காட்டியதில்லை. ஒரு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடப்பதை என்னவென்று நடிப்பது?

எல்லோரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. இருவரில் மூச்சு அதிகம் தம்பிக்குத்தான். சிறுவர்களாக ஏரியில் முங்கி இருக்கும் போட்டியில் அண்ணன் எழுந்து, தலை துவட்டி, கரையேறின பிறகுதான் தம்பி தலை தெரியுமாம். இவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு ஏன் பாடிப் போகவில்லை என்று கோடு போடும்போது அப்பா ஒருமுறை கேட்டார். நம் மைதானத்துக்குச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவது அப்பாதான். நான் பொடி வாளியோடு கூடவே போவேன். "பாடிகினு போனா என் மூச்சு எனக்கே கேக்குது நைனா, பேஜாரா கீது," என்றார் ஏழுமலை அண்ணன். "மூலையில நின்னா வர்றவன் மூச்சு கேக்கும். எங்க ஒடையப் போவுதுன்னு தெரிஞ்சிடும்." அவர் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. "மூஞ்சி ஏமாத்தும். முட்டி ஏமாத்தாது," என்பார்.

பயிற்சியில் தன் அண்ணனை அநேகமாக எப்போதும் பிடித்துவிடுவார். கன்னியப்பன் அண்ணன் திரும்புவதற்கு முன் வலது குதிகாலை ஒரு கணம் அழுத்துவார். அந்த ஒரு கணம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு அரசுத் துறை ஒன்றின் அணி இங்கே ஆட வந்தது. அவர்கள் கன்னியப்பன் அண்ணனைத் தங்கள் பக்கம் ஆட அழைத்திருந்தார்கள். நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று அவர்களின் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். காலனி முழுவதற்கும் அது தெரியும். இறுதி ஆட்டம் அவர்களுக்கும் நமக்கும் என்று முடிவானதும் மூர்த்தி அண்ணன் ஏழுமலை அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். அது என் மேசைக்கு முன்னால்தான் நடந்தது. வழக்கமாகப் புள்ளி எழுதும் ஆசிரியர் வராததால், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பதினோராம் வகுப்பில் படித்த என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"டேய் ஏழு, உங்க அண்ணாத்த ஏறி வந்தா நீ இன்னா பண்ணுவ? கால புடிப்பியா, கால்ல வுழுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை அண்ணனும் சிரித்தார்.

"அவன் காலு எனக்குத் தெரியும் மச்சான். சின்ன வயசுலேந்து ஒரே பாயில என்னை ஒதைச்சிகினு கீறான்."

"வெளையாடாதடா. உனுக்குப் பதிலா வேற ஆளு போட்டுக்கிறேன். ஊரு ஒண்ணியும் சொல்லாது."

"ஒக்காந்தா தான் சொல்லும்," என்றார் ஏழுமலை அண்ணன். "அண்ணனுக்காக ஒக்காந்துட்டான்னு சொல்லும். நான் ஆடறேன். அவன நான்தான் புடிப்பேன்."

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது இரண்டு பக்கமும் சமப் புள்ளியில் இருந்தோம். துறை அணியின் வேறொருவர் பாடி வந்து இடது மூலையில் உதைத்தார். ஏழுமலை அண்ணன் அந்தக் காலைப் பிடித்து நிறுத்தினார். நாம் ஒரு புள்ளி முன்னால் போனோம். நீங்கள் கைதட்டினீர்கள். அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என் மேசைக்கு வந்தார். இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் பின்பக்கமாக மடங்கி நின்றன. ஆட்டத் தாளில் காயம் என்றொரு கட்டம் உண்டு. அதில் எழுதினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றச் சொல்வார். நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

"எய்தாத பாப்பா. அழிச்சிடு," என்றார்.

"அண்ணா, விரல் உடைஞ்சிருக்கு."

"இப்ப வெளிய போனா, அண்ணன் வர்றான்னு கைய ஒடச்சிகினு போறான்னு சொல்லுவானுங்கோ. மூர்த்தி கேட்டப்பவே ஒக்காந்திருக்கலாம்னு ஆயிடும். அழி."

அழித்தேன். தாளை வைத்து எழுதும் அட்டையில், யாரும் எடுத்துக்கொண்டு போகாமலிருக்கப் பென்சிலை ஒரு சணல் நூலில் கட்டி வைத்திருந்தார்கள். அவர் அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டு விரல்களையும் சேர்த்துச் சுற்றினார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல் தடுமாறியபோது நான்தான் போட்டேன். அதன் மேல் மண்ணைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்ததை நீங்களே பார்த்தீர்கள். கன்னியப்பன் அண்ணன் கடைசி முறையாகப் பாடி வந்தார். மூலைக்குப் பக்கத்தில் நின்றவரைத் தொட்டுவிட்டுத் திரும்புமுன் குதிகாலை அழுத்தினார். தம்பி அந்தக் கணத்திலேயே பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தார். பிடி சரியாக விழுந்தது. பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்தது. அதனால்தான் கால் கையிலிருந்து நழுவி, அண்ணனின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டபோது யாராலும் நம்ப முடியவில்லை. முதலில் தொட்டவரும் பிடித்த தம்பியுமாக இரண்டு பேர். இரண்டு புள்ளி. ஆட்டம் போயிற்று. பிறகு கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "வுட்டான்டா! அண்ணனுக்கு வுட்டுக் குடுத்துட்டான்டா!"

அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த நிமிடம் எல்லோருடைய குரலும் அதுவாகிவிட்டது.

கன்னியப்பன் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. பாராட்டு விழா வைத்தோம். அவர் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே, "இந்த வேலை என் தம்பி எனக்குப் போட்ட பிச்ச," என்றார். பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். அன்போடுதான் சொன்னார். அதுவரை சந்தேகமாக இருந்தது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. ஏழுமலை அண்ணன் மேடைக்குப் பின்னால் இடது கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டு நின்றார். அடுத்த பொங்கலுக்கு அணியில் அவர் பெயர் இல்லை. பக்கத்து ஊர் அணிகளும் கூப்பிடவில்லை. அவருடைய ஆட்டம் இருபத்து மூன்று வயதோடு முடிந்தது.

நான் கல்லூரிக்குச் செங்கல்பட்டுப் பேருந்துக்கு நிற்பேன். அவர் எதிர்ப்பக்கம் மாமல்லபுரம் பேருந்துக்கு நிற்பார். கல் பட்டறையில் வேலை. சிலை செய்கிறவர்கள் வேறு. அவர் பெரிய கல்லை இயந்திரத்தில் அறுத்துத் துண்டு போடுகிறவர். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் இறங்கும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். ஒருநாள் துணிந்து சாலையைத் தாண்டிப் போய், "அண்ணா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். அந்த வளைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வேணாம் பாப்பா. தம்பி குடுத்தான்னு நெனச்சிகினு அவன் வேலைக்குப் போறான். ஒடஞ்ச கைய ஜெயிச்சிட்டு வந்தேன்னு தெரிஞ்சா அந்தச் சோறு எறங்குமா? புடிச்சா பாயிண்டு. வுட்டா வுட்டதுதான். அதுக்குக் காரணம் சொல்லிகினு திரியக்கூடாது."

பேருந்து வந்தது. ஏறிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதற்காக மட்டுமல்ல. நாலு பேர் நடுவில் எழுந்து பேச எனக்கு வராது. அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். ஒவ்வொரு மூச்சும் ரம்பம் இழுப்பதுபோல வார்டு முழுவதும் கேட்டது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். "இப்ப எல்லாருக்கும் என் மூச்சு கேக்குது பாப்பா," என்றார். முங்கினால் எழாமல் ஊரைப் பயமுறுத்தியவர், அந்த ஒரு வரியைச் சொல்ல மூன்று முறை நிறுத்தினார்.

பால் தெளித்த மூன்றாம் நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வந்திருந்த ஒருவர், "தங்கமானவன். அந்த ஒரு தபா வுட்டான், அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஏழுமலை அண்ணனின் மனைவி செல்வி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீதான அன்னிக்கி எய்திகினு இருந்த? நெஜமாவே வுட்டாராமா? நான் எவ்ளோ தபா கேட்டேன். சிரிச்சிகினே போய்டுவாரு. எம் பொண்ணு ஸ்கூல் டீம்ல ஆடுது. உங்கப்பன் மாரி வுட்டுடாதன்னு புள்ளைங்க சொல்லுதாம். அதுக்கு நான் இன்னான்னு பதில் சொல்ல?"

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கன்னியப்பன் அண்ணன் மொட்டைத் தலையோடு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். விரல்கள், நூல், அழித்த கட்டம், எல்லாவற்றையும். செல்வி அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கன்னியப்பன் அண்ணன் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"இத எதுக்குமா இப்ப சொன்ன?" என்றார். பிறகு, "அப்போ அது என் பாயிண்டே இல்லியா?"



காரியம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "மலர்ல எய்துறியாமே. எய்து. அவன் வுடலன்னு எய்து. மைக்கப் புடிச்சி நான் சொன்னத்தையும் சேத்து எய்து. வுட்டான்னு ஊருக்கு முத்திர குத்துனதே நான்தான்." எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "அன்னிக்கி வுடல. அதுக்கப்புறம் எனக்காகத் தெனமும் வுட்டுகினே இருந்துகீறான். இல்ல?"

அன்று தாள் வைத்து எழுதிய அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது என்றேன். பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஓரத்து ஓட்டையில் சணல் நூலின் துண்டு இன்னும் தொங்குகிறது, கடித்த முனை பிரிந்து போய். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

ஏழுமலை அண்ணனின் பொருளாக என்னிடம் இருப்பது அதுதான். அதில் செருகிய ஆட்டத் தாளும் இருக்கிறது. துறை அணிக்குக் கடைசியில் நான் போட்ட இரண்டு புள்ளி அப்படியே இருக்கட்டும். அவரே அதைக் கேள்வி கேட்டதில்லை. காயம் என்ற கட்டத்தில் மட்டும் ரப்பர் தேய்த்த அழுக்கு இருக்கிறது. அன்றைக்கு அழித்ததை, அன்று கயிற்றைச் சுற்றி நின்ற உங்கள் எல்லோர் முன்பும் இங்கே திரும்ப எழுதுகிறேன்: எண் நான்கு, ஏழுமலை, இடது மூலை. இடது கை மோதிர விரல், சுண்டு விரல். தொடர்ந்து ஆடினார்.