இரண்டு கூட்டங்களில் அண்ணா பேசியது

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக அவரது வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில் அண்ணா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"பிள்ளை, நான் செத்தாப் பிறகு ஏதாவது மலர் அடிச்சுக் குடுப்பீங்கள்தானே. நல்லவன், வல்லவன் எண்டு மட்டும் எழுதிப் போடாதே. அந்தப் பந்தாட்டக் கதையையும் எழுது. எனக்கு வெக்கமான கதைதான். எண்டாலும் எழுது."

அன்று நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணா பருத்தித்துறையில், தபால் கந்தோரில் கடமையாற்றிய எங்கள் ஐயாவுக்கு மூத்த மகனாகப் பிறந்தார். நான் கடைசித் தங்கை. ஐயா இளமையிலேயே காலமானதால் குடும்பப் பொறுப்பு முழுவதும் அண்ணாவின் தோளில் விழுந்தது. மாமா ஒருவரின் உதவியோடு இயந்திரவியல் படிக்கக் கப்பலேறி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே முதலில் அவருக்கு யாரும் அறை கொடுக்கவில்லை. கதவைத் திறந்தவர்கள் அவரது முகத்தைப் பார்த்துவிட்டு, இன்று வந்திருக்கிறாய், நாளைக்கு எங்கே இருப்பாயோ என்று சொல்லிச் சாத்தினார்களாம். கடைசியில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் மாடியறை கிடைத்தது. அந்த மனிதர் முதற் சனிக்கிழமையே அண்ணாவை உதைபந்தாட்டம் பார்க்க அழைத்துப் போனார். மழையில் நின்று, பக்கத்தில் நின்றவர் நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தபோதுதான் அந்த ஊரில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றியதாக அண்ணா சொல்வார்.

வேல்ஸ் ஒரு தனி நாடு. அதற்குத் தனி மொழியும் தனித் தேசிய அணியும் உண்டு. ஆனாலும் அதன் நான்கு ஊர்களின் அணிகள் இங்கிலாந்தின் லீக்கில்தான் ஆடி வந்தன. சுவான்சி அணி அவற்றில் ஒன்று. அந்த லீக்கில் நான்கு பிரிவுகள். கடைசிப் பிரிவின் அடியில் முடிக்கும் அணிகள், மற்றக் கழகங்களின் கூட்டத்தில் நின்று, எங்களை அடுத்த ஆண்டும் வைத்திருங்கள் என்று வாக்குக் கேட்க வேண்டும். வெளியே நிற்கும் அணிகளும் அதே கூட்டத்தில் இடம் கேட்கும். இந்த முறை தெரியாவிட்டால் அண்ணாவின் கதை விளங்காது.

படிப்பை முடித்து, சில காலம் அங்கேயே வேலை பார்த்து, ஊருக்கு வந்து அண்ணியைத் திருமணம் செய்த அண்ணா, எழுபதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்கு வந்தார். டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பகுதியில் வேலை கிடைத்தது. தாதியர் பயிற்சிக்காக நானும் வந்து அவர்களோடு தங்கினேன். அக்காலத்தில் இங்கே தமிழர் மிகச் சிலரே. புதிதாக யார் வந்தாலும் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வருவதும், அறை தேடிக் கொடுப்பதும், தம் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பதும் அண்ணாதான். இதை வாசிப்போரில் பலர் எங்கள் வீட்டுக் குசினியில் முதற் சோறு உண்டவர்கள்.

அந்தத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் திரு. ஹவெல், சுவான்சியில் பிறந்தவர். அண்ணாவின் ஆங்கிலத்தில் தம் ஊரின் இழுவை இருப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாராம். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியா நண்பர்கள். வேல்ஸ் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஹவெல் தலைவர். விரைவிலேயே அண்ணா அதன் செயலாளரானார்.

எழுபத்தைந்தாம் ஆண்டில் சுவான்சி அணி கடைசிப் பிரிவிலும் அடியில் விழுந்தது. வாக்குக் கேட்க வேண்டிய நிலை. ஹவெல் எங்கள் வீட்டுக் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆங்கிலேயர்களிடம் கையேந்தி நிற்கிறோம்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அணிக்கு இடம் மீண்டும் கிடைத்துவிட்டது என்று அவருடைய சகோதரி அங்கிருந்து தொலைபேசியில் சொன்னபோது, இரண்டு ஆண்களும் கட்டிப்பிடித்து அழுததை நானும் அண்ணியும் பார்த்து நின்றோம்.

அதே ஆண்டு இறுதியில், அப்படியே வாக்குக் கேட்க வேண்டிய நிலை இங்கும் வந்தது. வேல்ஸ்காரரின் கழகம் உள்ளூர் லீக்கின் கடைசி இடத்தில் முடித்தது. அந்த இடத்தைக் கேட்டு இன்னோர் அணியும் வந்தது. சிலி நாட்டில் இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்து, ஸ்பிரிங்வேல் குடியேறிகள் விடுதியில் தங்கியிருந்த இளைஞர்களின் அணி அது. அவர்களின் தலைவர் ரமோன். கூட்டத்தில் தம் கழகத்துக்காகப் பேச ஹவெல் அண்ணாவை அழைத்துப் போனார்.

அண்ணா அங்கே பேசியதை அவர் வாயாலேயே பின்னர் கேட்டேன். எழுதக் கை கூசுகிறது. "இவர்கள் நேற்று வந்தவர்கள். விடுதியில் இருக்கிறார்கள், நாளைக்கு எங்கே இருப்பார்களோ தெரியாது. சொந்த மைதானம் இல்லை. நடுவர் சொல்வது இவர்களுக்கு விளங்காது. எப்படி நம்பி இடம் கொடுப்பது?" என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. வேகமான ஆங்கிலம் புரியாத ரமோனும், மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தாமும் தட்டினார். வாக்கெடுப்பில் வேல்ஸ்காரரின் கழகம் வென்றது. ரமோன் எழுந்து வந்து அண்ணாவின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்.

அன்று வெற்றி பெற்று வருவார் என்று அண்ணி பாயசம் வைத்திருந்தார். அண்ணா வந்து குசினி வாசலில் நின்றார்.

"என்ன, தோத்துப் போனீங்களோ?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லை, வெண்டிட்டம்."

"அப்ப ஏன் முகம் இப்பிடி?"

"அவன் எனக்குக் கை தந்தவன்" என்றார் அண்ணா. "எனக்குக் கதவைச் சாத்தின ஆக்கள் சொன்ன அதே கதையை நான் அங்க சொன்னனான். ஒரு சொல் மாறேல்லை."

பாயசத்தை அவர் தொடவில்லை. ஊரிலிருந்து வருபவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்த மனிதர், வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அதை அடைத்துவிட்டார். கழகத்தார் வைத்த பாராட்டு விருந்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார்.

சில வாரங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்பிரிங்வேல் போனார். விடுதிக்குப் பின்னால் இருந்த வெறும் புல்வெளியில், கழற்றிய சட்டைகளைக் குவித்துக் கோல் எல்லை வைத்து அந்த இளைஞர்கள் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணா ரமோனைக் கூப்பிட்டு, தாம் கூட்டத்தில் பேசியதை மெதுவான ஆங்கிலத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"தெரியும்" என்றார் ரமோன். "திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் விளக்கிச் சொன்னார்."

"ஏன் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை?"

"என்ன கேட்பது? நீங்கள் பொய் சொல்லவில்லையே. எங்களுக்கு மைதானம் இல்லை. ஆங்கிலமும் தெரியாது."

அவர் கோபித்திருந்தால் அண்ணாவுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு செயலாளர் பதவியை விட்டார். சிலி அணிக்காக நகரசபைக்கு அலைந்து ஒரு மைதானம் வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்து வந்து எங்கள் மேசையிலேயே அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஆண்டும் வேல்ஸ்காரரின் கழகமே கடைசியில் முடித்தது. இரண்டு அணிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி அண்ணா லீக் நிர்வாகிகளிடம் நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். ஓர் இடம்தான் உண்டு என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"உங்கட சிநேகிதனுக்கு எதிராவே கதைக்கப் போறீங்கள்?" என்று அண்ணி கேட்டார்.

"அவருக்கு எதிரா இல்லை. நான் போன முறை சொன்னதுக்கு எதிரா."

"அவருக்கு ரெண்டும் ஒண்டுதானே."

இரண்டாவது கூட்டத்தில் அண்ணா சிலி அணிக்காக எழுந்து, "சென்ற ஆண்டு இந்த இடத்தில் நின்று இவர்களை நம்ப முடியாது என்று சொன்னவன் நான். நம்பக் கூடாதது அப்படிச் சொன்னவனைத்தான்" என்று தொடங்கிப் பேசினார். சிலி அணிக்கு இடம் கிடைத்தது. வேல்ஸ்காரரின் கழகம் வெளியேறியது. ஆட்டக்காரர்கள் வேறு வேறு கழகங்களுக்குப் போய்விட, சில மாதங்களில் அது கலைந்தும் போனது.

மண்டப வாசலில் ஹவெல் அண்ணாவிடம் சொன்னார்: "சுவான்சியை ஆங்கிலேயர்கள் உள்ளே வைத்துக்கொண்டார்கள். எங்களை வெளியே விட்டது நீ."

அதன் பிறகு தொழிற்சாலையில் வேலை விஷயம் தவிர அவர் அண்ணாவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு வெட்கத்தைக் கழுவப் போய் இன்னொன்றைத் தேடிக்கொண்டேன் என்று அண்ணா சொல்வார். இரண்டாவது பேச்சு சரியானது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் முதலாவது பேச்சு இல்லாதிருந்தால், அந்த மனிதரின் கழகம் முதல் ஆண்டிலேயே மானத்தோடு தோற்றிருக்கும் என்று வருந்துவார்.

அதற்குள் சிறுநீரக நோய் அவரைப் பிடித்துவிட்டது. கடைசியாக மருத்துவமனைக்குப் போவதற்குச் சற்று முன்பு, சுவான்சி அணி கடைசிப் பிரிவிலிருந்து மேலே ஏறிவிட்ட செய்தி வந்தது. அண்ணா கதிரையை இழுத்துப் போட்டு ஹவெலுக்குத் தொலைபேசி எடுத்தார். "ஏறிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டதாம். பிறகு தொலைபேசி வைக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே அண்ணா இறைவனடி சேர்ந்தார்.

நோயுற்ற காலத்தில் அண்ணாவைத் தம் காரில் மருத்துவமனைக்கு ஏற்றி இறக்கிய ரமோனுக்கும், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மாதக்கணக்கில் சமைத்துக் கொண்டுவந்த சிலிக் குடும்பங்களுக்கும், இங்கும் ஊரிலும் கிரியைகளை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும், இம்மலரை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு அனுப்பிய மாமாவின் மகனுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

தகனத்தன்று மண்டபத்தின் பின்வரிசையில் ஹவெலும் நின்றார். யாரோடும் பேசாமல் வெளியேறியவரை நான் கார் நிறுத்துமிடம் வரை ஓடிப்போய்ப் பிடித்து, வந்ததற்கு நன்றி சொன்னேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"உன் அண்ணன் நன்றாகப் பேசுவான்" என்றார். "இரண்டு முறையும் நன்றாகத்தான் பேசினான்."

பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.